காலேஜ் இன்டர்வியூவுக்கு எப்படித் தயாராவது: கோச்சிங்கா, சீனியரா, பள்ளி ஆசிரியரா, தனியாகவா?

பன்னிரண்டாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு மாதிரி இன்டர்வியூ எடுக்கிறவன் என்பதால், வருடா வருடம் பிப்ரவரியில் ஆரம்பித்து ஜூன் வரை ஒரே கேள்வி வந்துகொண்டே இருக்கும். "இன்டர்வியூவுக்குக் கூப்பிட்டிருக்காங்க, கோச்சிங் சேர்க்கணுமா, இல்ல நாமளே பார்த்துக்கலாமா?" பிள்ளைகளைவிட அப்பா அம்மாக்கள்தான் அதிகம் கேட்கிறார்கள்.

தமிழ்நாட்டில் இந்தத் தவிப்பு கொஞ்சம் கூடுதலாக இருப்பதில் ஆச்சரியமில்லை. இங்கே இன்ஜினியரிங் என்றால் ப்ளஸ் டூ மார்க், கட்-ஆஃப், ரேங்க், கவுன்சிலிங். அதற்கிருந்த நுழைவுத் தேர்வையே 2006-இல் சட்டம் கொண்டுவந்து எடுத்துவிட்டார்கள். அரசுக் கலைக் கல்லூரிக்கும் மார்க்தான், மருத்துவத்துக்கு நீட். எதிரே உட்கார்ந்து "ஏன் இந்தப் படிப்பு?" என்று கேட்கிற வழக்கம் பெரும்பாலான இடங்களில் கிடையாது. அதனால் வீட்டில் அண்ணன், அக்கா, சித்தப்பா என்று யாருக்குமே பதினேழு வயதில் இன்டர்வியூ கொடுத்த அனுபவம் இருக்காது. அப்பாவுக்குத் தெரிந்ததெல்லாம் வேலைக்கான இன்டர்வியூ. அதில் கேட்பது "உன்னால் என்ன செய்ய முடியும்?" காலேஜில் பார்ப்பது "இந்தப் பிள்ளை எப்படி யோசிக்கிறது, சொல்லிக்கொடுத்தால் பிடித்துக்கொள்ளுமா?" இரண்டுக்கும் ஒரே மாதிரித் தயாரானால் சரிவராது.

நான் மனதில் வைத்துப் பேசுவது இந்த மாதிரி இடங்களை: பெங்களூருவிலும் போபாலிலும் இருக்கும் அசிம் பிரேம்ஜி பல்கலைக்கழகம், சோனிபத்தில் அசோகா, சென்னைக்குப் பக்கத்தில் ஸ்ரீசிட்டியில் கிரியா, ப்ளஸ் டூ முடித்ததும் சேரும் ஐஐஎம் இந்தூரின் ஐந்து வருட மேனேஜ்மென்ட் படிப்பான ஐபிஎம், வெளிநாடு என்றால் ஆக்ஸ்போர்டு, கேம்பிரிட்ஜ். ராணுவ அதிகாரியாவதற்குப் படிக்கிற என்டிஏவில் சேர நடக்கும் எஸ்எஸ்பி என்ற தேர்வு தனி உலகம். ஐந்து நாள் நடக்கும், எழுத்துத் தேர்வுக்கு 900 மார்க் என்றால் அதற்கும் 900. அதை இந்த ஒப்பீட்டில் சேர்க்கவில்லை, ஆனால் அதிலிருந்து ஒரு நல்ல விஷயத்தைக் கீழே கடன் வாங்கப்போகிறேன்.

## எதை வைத்து முடிவு செய்வது

முதல் அளவுகோல், எனக்கு மற்ற எல்லாவற்றையும்விட முக்கியமானது: இரண்டாவது கேள்வியை யார் கேட்பார்கள்?

உதாரணத்துக்கு, திருப்பூரில் அப்பா பனியன் கம்பெனியில் டெய்லராக இருக்கிற ஒரு மாணவி எகனாமிக்ஸுக்கு விண்ணப்பித்திருக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். "ஏன் எகனாமிக்ஸ்?" என்றால் "சமூகத்தில் இருக்கும் ஏற்றத்தாழ்வைப் புரிந்துகொள்ள ஆசை" என்று தயாராக ஒரு பதில் வரும். நல்ல பதில்தான். எதிரே இருப்பவர் விடமாட்டார். "அப்பாவுக்கு ஷிப்ட் சம்பளமா, தைக்கிற எண்ணிக்கைக்குக் கூலி தருகிற பீஸ் ரேட்டா?" பீஸ் ரேட். "அப்போ ஆர்டர் இல்லாத மாதம் நஷ்டம் யாருக்கு?" எங்களுக்குத்தான். "சரி, அப்படி இருந்தும் சில டெய்லர்கள் ஷிப்ட் வேண்டாம், பீஸ் ரேட்தான் வேண்டும் என்கிறார்களே, ஏன்?"

இன்டர்வியூ உண்மையில் இங்கேதான் ஆரம்பிக்கிறது. அந்தப் பெண்ணுக்கு இதற்குப் பதில் தெரியும். கை வேகமான ஆள் பீஸ் ரேட்டில் கூடுதலாகப் பார்க்கலாம், தீபாவளிக்கு முன்னால் அப்பா ராத்திரி வெகு நேரம் தைத்துவிட்டு வருவார், அந்தப் பணத்தில்தான் ஸ்கூல் பீஸ் கட்டினார்கள் என்பதெல்லாம் அவர் கண்ணால் பார்த்தது. ஆனால் அதெல்லாம் எகனாமிக்ஸ் என்று அவரிடம் யாரும் சொன்னதில்லை, அதனால் அந்த நேரத்தில் வாயில் வராது. முன்னாலேயே யாராவது ஒருவர் இப்படித் தோண்டிக் கேட்டிருந்தால் வந்திருக்கும். எந்த வழியில் தயாரானாலும், இப்படித் தோண்டுகிற ஆள் அதில் இருக்கிறாரா என்று பாருங்கள்.

மற்றவை சுருக்கமாக. நேரம்: பிப்ரவரியில் பிராக்டிகல், மார்ச்சில் பொதுத்தேர்வு, நடுவில் இன்டர்வியூ வந்தால் எதைத் தின்னும்? பணம்: சொல்கிற பீஸ் மட்டும் இல்லை, அதற்குப் பின்னால் வருகிற செலவும். ஆங்கிலம்: தமிழ் வழியில் படித்த பிள்ளைக்கு அந்த வழி உதவுமா, இல்லை இன்னும் பயத்தைக் கூட்டுமா? கடைசியாக, பதில் கடைசி வரை பிள்ளையின் பதிலாகவே இருக்குமா?

| | கோச்சிங் | சீனியர் | ஆசிரியர், தெரிந்த பெரியவர் | தனியாக |
|---|---|---|---|---|
| இரண்டாவது கேள்வி | எடுக்கிற ஆளைப் பொறுத்தது | ஓரளவு | ஆள் சரியாக அமைந்தால் மிக நன்று | ஏஐ கேட்கும், ஆனால் அழுத்தம் இருக்காது |
| நேரம் | அதிகம், பயணமும் சேரும் | ஒன்றிரண்டு போன் கால் | சில மாலைகள் | உங்கள் கையில் |
| பணம் | சில ஆயிரத்தில் ஆரம்பித்து லட்சத்தைத் தொடலாம் | இல்லை | இல்லை | டேட்டா செலவு |
| ஆங்கிலத் தயக்கம் | சில இடங்களில் கூடும் | குறையும் | குறையும் | நன்றாகக் குறையும் |
| சொந்தப் பதில் | கெடும் வாய்ப்பு அதிகம் | காப்பி அடிக்கும் ஆபத்து | பெரும்பாலும் தப்பிக்கும் | ஏஐயை எழுதவிட்டால் போச்சு |

## கோச்சிங், கன்சல்டன்ட்

கோச்சிங்கே கூடாது என்கிற கட்சி நான் இல்லை. ஐபிஎம் மாதிரி இடத்துக்கு அது பிரயோஜனம். அங்கே எழுத்துத் தேர்வு மே மாத வாக்கில் முடிந்து, அப்புறம் இன்டர்வியூ. கணக்கில் அடிப்படைக் கேள்வி, நடப்புச் செய்தி, ப்ளஸ் டூவில் படித்த பாடம், "பதினெட்டு வயசில் மேனேஜ்மென்ட் எதுக்கு?" என்று ஒரு வட்டத்துக்குள் சுற்றும். அந்த வட்டத்தை வருடக்கணக்காகப் பார்த்தவர்கள் கோச்சிங்கில் இருக்கிறார்கள். முன்பின் தெரியாத மூன்று பேர் எதிரே உட்கார்ந்து கேட்கிற படபடப்பையும் அங்கே பழகிக்கொள்ளலாம். பொதுத்தேர்வும் அதற்குள் முடிந்திருக்கும் என்பதால் நேரமும் இடிக்காது.

அசிம் பிரேம்ஜி, அசோகா, கிரியா மாதிரி இடங்களுக்கு இதே கோச்சிங் பல சமயம் கெடுதலாக முடிகிறது. அங்கே நீங்கள் எழுதிக் கொடுத்ததிலிருந்தும் உங்கள் வாழ்க்கையிலிருந்தும் பேச்சு விரியும். கோச்சிங்கில் என்ன செய்கிறார்கள் என்றால், உங்கள் கட்டுரையை ‘பாலிஷ்’ பண்ணித் தருகிறார்கள். கன்சல்டன்ட் எழுதின ஒரு வரியை வைத்துக் கேள்வி கேட்டால் அதற்கு நீங்கள்தான் பதில் சொல்ல வேண்டும். ஒரே பேட்சில் படித்த பத்துப் பேர் ஒரே வாக்கியத்தோடு போய் உட்கார்ந்தால், எதிரே இருப்பவருக்கு மூன்றாவது ஆளிலேயே தெரிந்துவிடும்.

மறைந்திருக்கும் செலவைக் கணக்குப் போடுங்கள். ஊரிலிருந்து சென்னைக்கோ கோவைக்கோ போய்வருகிற பஸ், தங்கல். ‘ப்ரொஃபைல் பில்டிங்’ என்று தலையில் கட்டுகிற ஆன்லைன் சர்டிபிகேட்டுகள், அவற்றுக்குத் தனிக் கட்டணம். நடுவில் விலகினால் பணம் திரும்பாது. இத்தனைக்கும் ஆக்ஸ்போர்டு தன் இணையதளத்திலேயே மாதிரிக் கேள்விகளையும் மாதிரி இன்டர்வியூ வீடியோக்களையும் இலவசமாகப் போட்டு வைத்திருக்கிறது. டிசம்பரில் ஆன்லைனில் நடக்கும் அந்த இன்டர்வியூவில் தெரியாத ஒரு விஷயத்தைக் கொடுத்து, நீங்கள் சத்தமாக யோசிப்பதைப் பார்ப்பார்கள். அதற்கு மனப்பாடம் செய்ய எதுவுமே கிடையாது.

சேர்வதாக முடிவு செய்துவிட்டால், பணம் கட்டுவதற்கு முன்னால் இதைக் கேளுங்கள்: மாதிரி இன்டர்வியூ எடுக்கப்போவது யார், அவர் எந்தப் பாடக்காரர்? எத்தனை தடவை தனியாக உட்கார்த்தி எடுப்பீர்கள்? ரெக்கார்டிங் தருவீர்களா? இதற்கு நேரடியாகப் பதில் வராத இடத்தில் பணம் கட்ட வேண்டாம். "சீட் கியாரண்டி" என்று ஒருவர் சொன்னால் நாற்காலியிலிருந்து எழுந்து வந்துவிடுங்கள்.

## அங்கேயே படிக்கிற சீனியர்

தகவலுக்கு இவர்களை அடிக்க ஆள் இல்லை. எத்தனை பேர் உட்கார்ந்திருந்தார்கள், எவ்வளவு நேரம் போனது, ஸ்காலர்ஷிப் பற்றி அங்கேயே பேசினார்களா, ஹாஸ்டல் சாப்பாடு எப்படி என்பது வரை சொல்வார்கள். நம் ஊர்ப் பிள்ளை ஒன்று அங்கே போய்த் தாக்குப்பிடித்துப் படிக்கிறது என்று நேரில் கேட்பதே பாதிப் பயத்தைப் போக்கிவிடும். அரசுப் பள்ளிப் பிள்ளைகளுக்கு இது ரொம்ப முக்கியம். உங்கள் பள்ளியில் உயர்கல்வி வழிகாட்டி ஆசிரியர் என்று ஒருவர் இருப்பார், அவரிடம் "நம்ம மாவட்டத்திலிருந்து அங்கே யார் போயிருக்காங்க?" என்று கேளுங்கள். அரசு மாதிரிப் பள்ளிகளில் இருந்து போனவர்கள் பலர் இருக்கிறார்கள். பள்ளிக்கல்வித் துறையின் 14417 எண்ணிலும் வழிகாட்டுதல் கேட்கலாம்.

ஆனால் ஒரு சீனியருக்குத் தெரிந்தது அவருடைய ஒரே ஒரு இன்டர்வியூதான். "எங்கிட்ட புத்தகம் பத்தி மட்டும்தான் கேட்டாங்க" என்பார், நீங்கள் புத்தகமாகப் படித்துத் தள்ளிவிட்டுப் போனால் அங்கே உங்கள் ஊர் ஏரியைப் பற்றிக் கேட்பார்கள். முடிந்தால் இரண்டு பேரிடம், வெவ்வேறு டிபார்ட்மென்டில் இருப்பவர்களிடம் பேசுங்கள். ஏப்ரல், மே அவர்களுக்கும் செமஸ்டர் பரீட்சை நேரம், பதில் தாமதமாக வரும், அதை மனதில் வைத்து முன்கூட்டியே மெசேஜ் அனுப்புங்கள்.

வெறும் "ஹாய் அண்ணா, டிப்ஸ் சொல்லுங்க" என்று அனுப்பினால் பதில் வராது. இப்படி அனுப்பிப் பாருங்கள்: "அக்கா, நான் தர்மபுரி, ப்ளஸ் டூ பயாலஜி. உங்க காலேஜ் இன்டர்வியூ 20ஆம் தேதி. இந்த ஞாயிற்றுக்கிழமை பத்து நிமிஷம் பேச முடியுமா? நீங்க பதில் தெரியாம நின்ன கேள்வி எது, அப்போ என்ன சொன்னீங்கன்னு கேட்கணும்." அந்தக் கடைசி வரிக்குக் கிடைக்கிற பதில்தான் உங்களுக்கு வேண்டியது. அவர்கள் எழுதின கட்டுரையை மட்டும் வாங்காதீர்கள். படித்தால் அறியாமலேயே அந்த நடை உங்களுக்கு வந்துவிடும்.

## பள்ளி ஆசிரியர், தெரிந்த பெரியவர்

எனக்குப் பிடித்த வழி இது, காரணம் மேலே சொன்ன இரண்டாவது கேள்வி. ஆனால் யாரைக் கேட்பது என்பதில் எல்லாமே இருக்கிறது. பாடத்தில் பெரிய ஆள் வேண்டும் என்று தேடாதீர்கள். கேள்வி கேட்பதே வேலையாக இருக்கிறவர்களைப் பிடியுங்கள். லோன் கேட்டு வருகிறவர்களிடம் பேசிப் பேசிப் பழகிய பேங்க் அதிகாரி, வாரிசுச் சான்றிதழ் விசாரணைக்கு வீடு வீடாகப் போகிற விஏஓ, கோர்ட்டில் குறுக்கு விசாரணை செய்கிற வக்கீல், உள்ளூர் நிருபர். இவர்களுக்கு நீங்கள் சொல்வதில் எங்கே ஓட்டை என்று உடனே தெரியும், அங்கேயே கேட்பார்கள்.

ஆசிரியர்களிடம் ஒரு சிக்கல் உண்டு, மரியாதையோடுதான் சொல்கிறேன். கேள்வி கேட்டுவிட்டுப் பதில் வருவதற்குள் திருத்த ஆரம்பித்துவிடுவார்கள். "அப்படிச் சொல்லாதே, இப்படிச் சொல்லு." அது நடந்தால் இன்டர்வியூ பாடமாகிவிடும். முன்னாலேயே கேட்டுக்கொள்ளுங்கள்: "சார், இருபது நிமிஷம் கேள்வி மட்டும் கேளுங்க, திருத்தறதெல்லாம் கடைசியில." சொந்தக்காரர்கள் என்றால் வேறு ஒரு செலவு இருக்கிறது. மாமாவிடம் பயிற்சி எடுத்துச் சீட் கிடைக்காவிட்டால் அது குடும்பத்து விசேஷங்களில் வருடக்கணக்காகப் பேசப்படும். அந்தச் சுமை பிள்ளைக்கு வேண்டாம் என்றால் வெளி ஆள் நல்லது.

எஸ்எஸ்பியிலிருந்து கடன் வாங்குவதாகச் சொன்னது இங்கேதான் வருகிறது. அங்கே இன்டர்வியூவுக்கு முன்னால் பிஐக்யூ என்று ஒரு படிவம் நிரப்பச் சொல்வார்கள். வளர்ந்த ஊர், அங்கே மக்கள்தொகை எவ்வளவு, அப்பா அம்மா படிப்பு, வேலை, வருமானம், பத்தாம் வகுப்பிலிருந்து எடுத்த மார்க், விளையாட்டு, பொழுதுபோக்கு, ஏற்ற பொறுப்புகள். இன்டர்வியூ எடுப்பவர் அதை வைத்துத்தான் தோண்டுவார். அதே மாதிரி ஒரு பக்கம் நீங்களே எழுதி, காலேஜுக்கு அனுப்பின கட்டுரையையும் சேர்த்து அந்தப் பெரியவர் கையில் கொடுத்து, ஒவ்வொரு வரியிலும் மூன்று தடவை "ஏன்", "எப்படி" என்று கேட்கச் சொல்லுங்கள். "பொழுதுபோக்கு: வாசிப்பு" என்று எழுதியிருந்தால், கடைசியாகப் படித்ததில் எந்த இடத்தில் எழுதியவரோடு ஒத்துப்போகவில்லை என்பது வரைக்கும் போக வேண்டும். மூன்றாவது கேள்வியில் வறண்டுபோகிற வரிகள் எவை என்று குறித்துக்கொள்ளுங்கள், வீட்டில் அவற்றை மட்டும் யோசித்தால் போதும்.

## தனியாக, போனும் ஏஐயும் வைத்து

ஆங்கிலத்தில் பேசக் கூச்சமா, முதலில் இங்கிருந்துதான் ஆரம்பிக்க வேண்டும். அடுத்தவர் முன்னால் தடுமாறுவதற்கு முன்னால் சுவர் முன்னால் தடுமாறிவிடலாம். முதலில் கேள்விக்குத் தமிழிலேயே சத்தமாகப் பதில் சொல்லி ரெக்கார்ட் செய்யுங்கள், சொல்ல வேண்டிய விஷயம் அதில் கெட்டியாகிவிடும். அப்புறம் அதே விஷயத்தை உங்களுக்குத் தெரிந்த சின்னச் சின்ன ஆங்கில வாக்கியங்களில் சொல்லுங்கள். நேராக ஆங்கிலத்தில் ஆரம்பிக்கிற பிள்ளைகள் ஆங்கிலத்தில் சொல்ல முடிந்ததை மட்டும் சொல்கிறார்கள், சொல்ல நினைத்தது உள்ளேயே நின்றுவிடுகிறது. "கேன் ஐ டேக் எ மினிட் டு திங்க்?", "குட் யூ ப்ளீஸ் ரிப்பீட் த கொஸ்டின்?" இந்த இரண்டும் மட்டும் தூக்கத்தில் எழுப்பினாலும் வர வேண்டும். இவற்றைக் கேட்பதில் குறைச்சல் எதுவும் இல்லை. எந்த மொழியில் பேசலாம், நடுவில் தமிழ்ச் சொல் வரலாமா என்பதைக் காலேஜ் அட்மிஷன் ஆபீசுக்கு மெயில் போட்டே கேட்டுவிடலாம்.

ஏஐயிடம் உங்கள் கட்டுரையைக் கொடுத்து "இதிலிருந்து இன்டர்வியூ கேள்வி ஒவ்வொன்றாகக் கேள், நான் சொல்கிற பதிலிலிருந்தே அடுத்த கேள்வியைக் கேள், பாராட்டாதே" என்று சொன்னால் நன்றாகவே கேட்கும், தமிழிலும் கேட்கும். பதிலை எழுதித் தரச் சொல்லாதீர்கள். அது தருகிற பதில் அழகாக இருக்கும், அதையே பார்த்துக்கொண்டிருந்தால் உங்கள் பதில் மட்டமாகத் தெரிய ஆரம்பிக்கும், அதற்கப்புறம் நம்பிக்கை போய்விடும். பணத்தைவிடப் பெரிய செலவு அது. ஆதார் எண், வருமானச் சான்றிதழ் எதையும் அதில் போடவும் வேண்டாம்.

தனியாகவே முடித்துக்கொள்வதில் உள்ள குறை, மாட்டிக்கொண்டால் ரெக்கார்டிங்கை நிறுத்திவிடலாம் என்பது. எதிரே ஒருவர் பேசாமல் உங்களையே பார்த்துக்கொண்டிருக்கிற அந்த அரை நிமிடத்தை ஒரு முறையாவது அனுபவித்துவிட்டுத்தான் போக வேண்டும்.

## யாருக்கு எது

ஐபிஎம், கையில் பணம் இருக்கிறது, பரீட்சை முடிந்துவிட்டது என்றால் கோச்சிங்கில் மாதிரி இன்டர்வியூ மட்டும் வாங்குங்கள், முழு பேக்கேஜ் வேண்டாம். அசிம் பிரேம்ஜி, அசோகா, கிரியா மாதிரி லிபரல் ஆர்ட்ஸ் பல்கலைக்கழகம் என்றால் ஒரு சீனியரோடு ஒரு கால், பெரியவர் ஒருவரோடு இரண்டு மாலை, நடுவில் போன் ரெக்கார்டிங். இதற்கு மேல் செலவழிக்க அவசியம் இல்லை. பொதுத்தேர்வுக்கு நடுவில் இன்டர்வியூ வந்தால் பயணம் வேண்டிய எதையும் தொடாதீர்கள், அந்த ஒரு பக்கப் படிவத்தை மட்டும் எழுதி யாரையாவது ஒரு தடவை கேட்கச் சொல்லுங்கள். நான்கே நாள்தான் இருக்கிறது என்றாலும் அதே படிவம்தான், ஏனென்றால் நீங்கள் அனுப்பின கட்டுரை உங்களுக்கே மறந்திருக்கும். கேட்க ஆளே இல்லை என்கிறவர்கள் உங்கள் மாதிரியே காத்திருக்கிற ஒரு நண்பரோடு படிவத்தை மாற்றிக்கொண்டு ஒருவரை ஒருவர் கேளுங்கள். அனுபவம் குறைவுதான், ஆனால் அந்த வயதுக்காரர்கள் சுற்றி வளைக்காமல் கேட்பார்கள்.

ஆன்லைன் இன்டர்வியூ என்றால் பெற்றோருக்கு ஒன்று: அதே அறையில் உட்கார்ந்து கேமராவுக்கு வெளியிலிருந்து சைகை காட்டாதீர்கள், பிள்ளையின் கண் அந்தப் பக்கம் போவது எதிரே இருப்பவருக்கு நன்றாகத் தெரியும். அப்புறம், மின்வாரியத்தின் மாதாந்திரப் பராமரிப்பு மின்தடை உங்கள் பகுதிக்கு அன்றைக்கு இருக்கிறதா என்று முன்கூட்டியே பாருங்கள், நாளிதழின் உள்ளூர்ப் பக்கத்தில் வரும். இருந்தால் வேறு ஏரியாவில் இருக்கும் நண்பர் வீட்டுக்குப் போய்விடுங்கள். அட்மிஷன் ஆபீஸ் நம்பரை ஒரு தாளில் எழுதிப் பக்கத்தில் வையுங்கள், நெட் போனால் உடனே கூப்பிட்டுச் சொல்லலாம்.